அப்பாச்சி 2.4.64, பதின்மூன்றே நாளில் 2.4.65: ஒரு சர்வர் அப்டேட்டை எப்படிப் படிப்பது?

2025 ஜூலை 10 அன்று அப்பாச்சி வெப் சர்வரின் 2.4.64 பதிப்பு வெளியானது. எட்டுப் பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்திருப்பதாக அறிவிப்பு சொன்னது. அப்டேட் போட்டவர்களில் ஒரு பகுதியினருக்குத் தளமே திறக்கவில்லை. "421 மிஸ்டைரக்டட் ரிக்வெஸ்ட்", அதாவது கோரிக்கை தவறான இடத்துக்கு வந்துவிட்டது, என்ற பிழைதான் வந்து நின்றது. அந்தக் குழப்பம் அடங்குவதற்குள் ஜூலை 23 அன்று 2.4.65 வந்துவிட்டது. அதில் சரிசெய்யப்பட்ட பாதுகாப்புக் குறை ஒன்றே ஒன்று. அதுவும் 2.4.64-இல் புதிதாகப் பிறந்த குறை.

குழாய் ரிப்பேருக்கு வந்தவர் இன்னொரு குழாயை உடைத்துவிட்டுப் போனதுபோலத் தோன்றும். ஆனால் இந்த இரண்டு தொல்லைகளும் ஒரே ரகம் கிடையாது. அப்டேட்டுக்குப் பிறகு வரும் சிக்கல்களை மூன்றாகப் பிரிக்கலாம்:

1. இறுக்கியதால் வருவது. சர்வர் இதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்றை இனி விடமாட்டேன் என்கிறது. நம் அமைப்பு அந்தத் தளர்வை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. 421 இந்த ரகம்.
2. புதிய பழுது. ஒன்றைத் திருத்தும்போது வேறொன்று கெட்டுப்போவது. 2.4.65 வந்த காரணம் இது.
3. அரைகுறைத் திருத்தம். ஓட்டையை அடைத்ததாகச் சொன்னார்கள், முழுதாக அடைபடவில்லை.

எந்த ரகம் என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்பதும் தெரியும். முதல் ரகத்துக்கு நம் கட்டமைப்பை மாற்ற வேண்டும். மற்ற இரண்டுக்கும் அடுத்த பதிப்புக்குப் போவதுதான் வழி. 421-ஐப் பார்த்துவிட்டுப் பழைய பதிப்புக்குத் திரும்பினால், அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிடுகிறோம்.

## முதலில் அடிப்படை

பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டியதும், மறுமுனையில் அந்தக் கோரிக்கையை வாங்கி, எந்தத் தளம், எந்தக் கோப்பு, கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்துப் பதில் அனுப்பும் மென்பொருள்தான் வெப் சர்வர். அப்பாச்சி 1995 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. இப்போது புழக்கத்தில் உள்ள 2.4 வரிசை 2012-இல் தொடங்கியது. மூன்றாவது எண் மட்டும்தான் அன்றிலிருந்து ஏறிக்கொண்டே வருகிறது.

அப்பாச்சியின் மையப்பகுதி சிறியது. மற்ற வேலைகளை மாட்யூல்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: மறையாக்கத்துக்கு மாட்-எஸ்.எஸ்.எல்., முகவரிகளை மாற்றி எழுத மாட்-ரீரைட், கோரிக்கையை வேறொரு சர்வருக்குத் தள்ளிவிட மாட்-பிராக்சி. அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்வதுபோல ஒவ்வொரு கோரிக்கையும் இந்த மாட்யூல்கள் வழியாக நகரும். முன் மேசைக்காரர் எழுதிவைத்த குறிப்பை அடுத்த மேசைக்காரர் நம்பி எடுத்துக்கொள்வார். குறிப்பை அவர் ஒரு பொருளில் எழுதி, இவர் வேறு பொருளில் படித்தால் என்ன ஆகும்? அப்பாச்சியின் ஓட்டைகளில் கணிசமானவை அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஒவ்வொரு ஓட்டைக்கும் சி.வி.இ. என்று தொடங்கும் ஓர் அடையாள எண் கொடுக்கப்படும். சி.வி.இ.-2025-54090 என்றால் 2025 வரிசையில் ஒதுக்கப்பட்ட எண். இது நோயின் பெயர் மாதிரி. நோயின் கடுமையை இந்த எண் சொல்லாது.

## 421: காவலாளி கேட்கும் புதிய கேள்வி

ஒரே ஐ.பி. முகவரியில் ஐம்பது தளங்கள் இருக்கலாம். அதனால் எச்.டி.டி.பி.எஸ். இணைப்பு தொடங்கும்போதே, மறையாக்கம் முடிவாவதற்கு முன்பே, பிரவுசர் தனக்கு எந்தத் தளம் வேண்டும் என்று பெயரைச் சொல்லிவிடும். இதற்கு எஸ்.என்.ஐ. என்று பெயர். இணைப்பு அமைந்த பிறகு, கோரிக்கைக்குள் ஹோஸ்ட் என்ற தலைப்பில் அதே பெயர் இன்னொரு முறை வரும்.

அடுக்குமாடி வளாகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் காவலாளியிடம் மூன்றாம் எண் வீட்டுக்கு என்று நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போனவர், ஐந்தாம் எண் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். சாதாரண வளாகத்தில் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற வளாகத்தில் இது பெரிய விஷயம். சில நிறுவனங்களின் சர்வர்கள் அப்படித்தான்: ஊழியர் தளத்துக்கு ஒரு வகைச் சான்றிதழ், தணிக்கைத் தளத்துக்கு இன்னொரு வகை. எச்.டி.டி.பி.எஸ்.-இன் மறையாக்க முறையான டி.எல்.எஸ். 1.3-இல் ஒருமுறை வந்துபோனவர் மறுமுறை வரும்போது முழுச் சோதனையைத் தாண்டிச் சுருக்கமாக உள்ளே வரும் வசதி உண்டு. அந்தச் சுருக்கவழியில், ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி பெற்றவர் இன்னொரு தளத்துக்குள் நுழைய முடிந்தது. இதுதான் சி.வி.இ.-2025-23048. 2.4.35 முதல் 2.4.63 வரை இருந்த ஓட்டை.

2.4.64 இதை அடைத்தது. வாசலில் சொன்ன பெயரும் உள்ளே கேட்கும் பெயரும் பொருந்தாமல், இரண்டு தளங்களின் மறையாக்க அமைப்புகளும் ஒத்துப்போகாமல் இருந்தால் 421 கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

வருபவரிடம் இப்படிச் சான்றிதழே கேட்டிராத சாதாரணத் தளங்கள் ஏன் இதில் மாட்டின? காரணம் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர். பல ஹோஸ்டிங் அமைப்புகளில் வெளியுலகோடு பேசுவது என்ஜின்எக்ஸ். அது கோரிக்கையைப் பின்னாலுள்ள அப்பாச்சிக்குத் தள்ளும். அப்படித் தள்ளும்போது எச்.டி.டி.பி.எஸ். பயன்படுத்தினாலும், என்ஜின்எக்ஸ் தன் இயல்பான அமைப்பில் எஸ்.என்.ஐ. அனுப்பாது. எந்த வீடு என்று சொல்லாமல் வருபவரைக் காவலாளி முதல் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வார். பிறகு அவர் ஐந்தாம் வீட்டைத் தட்டுவார். இத்தனை வருடம் ஓடியது, இப்போது ஓடவில்லை.

தீர்வு என்ஜின்எக்ஸ் பக்கம் இரண்டே வரி: "பிராக்சி_எஸ்எஸ்எல்_சர்வர்_நேம்" என்பதை ஆன் செய்வது, "பிராக்சி_எஸ்எஸ்எல்_நேம்" என்பதில் வந்த தளத்தின் பெயரையே கொடுப்பது. இரண்டு சர்வரும் ஒரே கணினிக்குள் இருந்தால், நடுவில் மறையாக்கமே இல்லாமல் உள்முகவரியில் சாதாரண எச்.டி.டி.பி. போட்டுக்கொள்வதும் ஒரு வழி.

## 2.4.65: எதைக் கேட்டாலும் "ஆம்"

மாட்-ரீரைட்டில் ரீரைட்கண்ட் என்ற கட்டளை ஒரு நிபந்தனை. அது உண்மையானால்தான் அடுத்து வரும் ரீரைட்ரூல் வேலை செய்யும். நிபந்தனையைப் பல வடிவங்களில் எழுதலாம். அதில் "எக்ஸ்பிரஸன்" வடிவம் ஒன்று. 2.4.64-இல் அந்த வடிவத்தில் எழுதிய எல்லா நிபந்தனைகளும் "உண்மை" என்றே முடிவாயின. கோரிக்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வந்ததா? ஆம். அலுவலக நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து வந்ததா? அதற்கும் ஆம்.

விளைவு, நிபந்தனைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. "வெளியாள் என்றால் தடு" என்று எழுதியவரின் தளம் எல்லோருக்கும் 403, அதாவது "அனுமதி இல்லை" என்ற பிழை, காட்டியிருக்கும். பத்து நிமிடத்தில் போன் வந்துவிடும், தெரிந்துவிடும். "உள்ளாள் என்றால் நிர்வாகப் பக்கத்துக்கு அனுப்பு" என்று எழுதியவரின் கதைதான் மோசம். எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும், யாரும் போன் செய்யமாட்டார்கள். தளம் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். பழைய வடிவத்தில், அதாவது ஓர் எழுத்துத் தொடரை ஒரு வார்ப்புருவோடு பொருத்திப்பார்க்கும் வகையில் எழுதியவர்களுக்குப் பாதிப்பே இல்லை.

## 2021: மூன்று நாளில் இரண்டு பதிப்புகள்

அரைகுறைத் திருத்தம் என்றால் என்ன என்பதற்கு அப்பாச்சியின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சம்பவம் இல்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி ஒன்றை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக ஒரு முழ நீளத்துக்கு வந்து நிற்குமே, அதுதான். இணைய முகவரியில் நேரடியாக வைக்க முடியாத எழுத்துகளை % குறியும் இரண்டு இலக்கமுமாக மாற்றி எழுதுவார்கள். ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று இடம். "அம்மா" என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள் இருப்பதால் முகவரியில் அது 45 இடத்தை அடைத்துக்கொள்ளும். சர்வர் இதைத் திரும்பப் பழைய எழுத்தாக்கிப் படிக்கும்.

தேவையில்லாத எழுத்துகளையும் இப்படி மாற்றி எழுதலாம் என்பதுதான் வம்பு. புள்ளிக்கு நிகரான குறி %2இ. (அந்த "இ" ஆங்கில ஐந்தாம் எழுத்து.) கோப்பகங்களில் இரண்டு புள்ளி என்றால் "ஒரு படி மேலே போ" என்று பொருள். தளத்தின் கோப்பகத்திலிருந்து இப்படி மேலே மேலே ஏறினால் கணினியின் மற்ற கோப்புகளைத் தொட்டுவிடலாம். அதனால் முகவரியில் இரண்டு புள்ளி வந்தால் சர்வர் அதைக் களைந்துவிட வேண்டும்.

2021 செப்டம்பர் நடுவில் வந்த 2.4.49-இல் முகவரியைச் சுத்தப்படுத்தும் பகுதியை மாற்றி எழுதினார்கள். அதன்பின் நடந்தது இது:

1. புதிய பகுதி, புள்ளிக்கு அடுத்து இன்னொரு புள்ளி வருகிறதா என்று பார்த்தது. புள்ளிக்கு அடுத்து %2இ வந்தால் அதைப் புள்ளியாக எண்ணவில்லை. சோதனை முடிந்த பிறகுதான் அது புள்ளியாக மாறியது. செப்டம்பர் 29 அன்று இது அப்பாச்சிக்குத் தெரிவிக்கப்பட்டது, சி.வி.இ.-2021-41773.
2. அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. இப்போது புள்ளிக்கு அடுத்து %2இ வந்தாலும் பிடித்துவிடும்.
3. ஆனால் %%32%65 என்று எழுதினால் பிடிக்காது. %32 என்றால் "2", %65 என்றால் அந்த ஆங்கில எழுத்து. முதல் முறை அவிழ்த்தால் %2இ கிடைக்கும். இரண்டாம் முறை அவிழ்த்தால் புள்ளி. உறைக்குள் உறை. அப்பாச்சி இரண்டு முறை அவிழ்த்தது, சோதனையோ முதல் உறையைத்தான் பார்த்தது. சி.வி.இ.-2021-42013.
4. அக்டோபர் 7 அன்று 2.4.51. இத்தோடு அடைபட்டது.

இதில் யாரெல்லாம் தப்பினார்கள் என்பது சுவாரசியம். அப்பாச்சியோடு வரும் மாதிரிக் கட்டமைப்பில், கணினியின் எல்லாக் கோப்புகளுக்கும் மேலே இருக்கும் வேர்க் கோப்பகத்துக்கு "ரிக்வயர் ஆல் டினைட்", அதாவது வெளிப்படையாக அனுமதித்ததைத் தவிர எதையும் தராதே, என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நீக்காதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கோ ஒரு நாள் 403 வந்ததற்காக அதை "கிராண்டட்" என்று மாற்றிவைத்தவர்கள் மாட்டினார்கள். அவர்களிலும், சர்வர் வழியே வெளி நிரல்களை இயக்கும் சி.ஜி.ஐ. வசதி இயங்கிக்கொண்டிருந்த சர்வர்களில் கோப்பைப் படிப்பதோடு நிற்காமல் கட்டளைகளையே ஓட்ட முடிந்தது.

இன்னொரு கூட்டமும் தப்பியது: 2.4.49-க்குப் போகாதவர்கள். ஆனால் இதை வைத்து "அப்டேட் போடாமல் இருந்ததே நல்லது" என்று சொல்ல முடியாது. 2.4.49 வந்ததே பாதுகாப்புத் திருத்தங்களுக்காகத்தான். மாட்-பிராக்சி இயங்கும் சர்வரை ஏவி, அதன் உள்நெட்வொர்க்கில் தாக்குபவர் விரும்பிய இடத்துக்குக் கோரிக்கை அனுப்பவைக்கும் சி.வி.இ.-2021-40438 என்ற கடும் ஓட்டை 2.4.48 வரை இருந்தது. 2.4.48-இலேயே நின்றவர் ஒரு கிணற்றிலிருந்து தப்பி இன்னொரு கிணற்றில் இருந்தார்.

## 2024: மேசைகளுக்கு நடுவே

2024 ஜூலை 1 அன்று வந்த 2.4.60, தைவானின் டெவ்கோர் நிறுவன ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் கண்டுபிடித்த ஒரு தொகுதி ஓட்டைகளை அடைத்தது. ஒரே குறிப்பை மாட்யூல்கள் வெவ்வேறு பொருளில் படிப்பதுதான் அவர் தோண்டிய விஷயம். ஒரு மேசைக்காரர் கோப்பின் பாதை என்று எழுதியதை இன்னொருவர் இணைய முகவரியாக எடுத்துக்கொள்வது போன்றவை.

இந்தத் திருத்தத்தில் ஒரு பழைய பழக்கமும் அறுந்தது. பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்புகளை இயக்க "ஆட்ஹேண்ட்லர்" என்று எழுத வேண்டும். ஆனால் "ஆட்டைப்" என்று எழுதினாலும் அப்பாச்சி புரிந்துகொள்ளும். 2.4.60-இல் சில மறைமுகக் கோரிக்கைகளில் அது புரிந்துகொள்ளவில்லை. பி.எச்.பி. கோப்பை இயக்காமல் அதன் மூலநிரலையே வாசகருக்கு அனுப்பிவிட்டது. டேட்டாபேஸ் கடவுச்சொல் அந்த நிரலுக்குள்தான் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாளில் 2.4.61. அதுவும் முழுமையில்லை என்று ஜூலை 17-இல் 2.4.62.

## "புதிய வசதி" என்று வருபவை

2.4 வரிசை நிலைத்துவிட்ட வரிசை. இதில் பெரிய புது வசதிகள் அபூர்வம். மாற்றப் பட்டியலில் புதிய கட்டளை ஒன்றைப் பார்த்தால், பெரும்பாலும் அது பூட்டிய கதவுக்கான சாவி. எதையோ இறுக்கியிருக்கிறார்கள், தவிர்க்க முடியாதவர்கள் தளர்த்திக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

2.4.25-இல் வந்த "எச்டிடிபிபுரோட்டோகால்ஆப்ஷன்ஸ்" அப்படி வந்தது: கோரிக்கைகளைக் கறாராகப் பார்ப்பதை இயல்பாக்கிவிட்டு, வேண்டாதவர்களுக்கு "அன்சேஃப்" என்ற வாய்ப்பையும் வைத்தார்கள். முகவரியில் அடுத்தடுத்து வரும் சாய்கோடுகளை ஒன்றாக்குவதற்கான 2.4.39-இன் "மெர்ஜ்ஸ்லாஷஸ்" இன்னொன்று. 2.4.60-இல் ரீரைட் விதிகளுக்கு "அன்சேஃப்அலவ்3எஃப்" என்று ஒரு கொடி வந்தது. அது இல்லாமல், கேள்விக்குறியை மாற்றி எழுதி வரும் சில கோரிக்கைகளுக்கு 403 கிடைக்கும். பெயரிலேயே "பாதுகாப்பற்றது" என்று எழுதிவைத்திருப்பது சும்மா இல்லை. பிழை போய்விட்டதே என்று இந்தக் கொடியை எல்லா விதிகளிலும் ஒட்டுவது, அப்டேட்டைப் போடாமல் இருந்ததற்குச் சமம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். 2.4.64-இல் "எஸ்எஸ்எல்எஞ்சின் ஆப்ஷனல்" மூலம் சாதாரண இணைப்பை நடுவழியில் மறையாக்கத்துக்கு உயர்த்தும் வசதியையே எடுத்துவிட்டார்கள் (சி.வி.இ.-2025-49812). ஒட்டுப்போட்டுக் காப்பாற்றும் அளவுக்கு அதைப் பயன்படுத்துவோர் இல்லை. என் பார்வையில் சரியான முடிவு.

## எண் பழையது, சர்வர் பழையது அல்ல

"எங்கள் உபுண்டு 22.04-இல் இன்னும் 2.4.52 என்றே காட்டுகிறதே, ஆபத்தா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். உபுண்டு, ரெட் ஹேட் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் அப்பாச்சியின் புதிய பதிப்பை அப்படியே எடுப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்து, தங்களிடம் இருக்கும் பழைய பதிப்பில் தைத்துவிடுவார்கள். இதற்குப் பேக்போர்ட் என்று பெயர். ரெட் ஹேட் 8-இல் 2.4.37 என்றே எழுதியிருக்கும், திருத்தங்கள் உள்ளே இருக்கும். முதல் மூன்று எண்களுக்குப் பின்னால் தொங்கும் நீளமான பேக்கேஜ் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பதிப்பு எண்ணை மட்டும் படித்துவிட்டுச் சிவப்பில் அறிக்கை அடிக்கும் ஸ்கேனர்களை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

பேக்போர்ட்டில் திருத்தம் மட்டும் வருவதில்லை, அதன் பக்கவிளைவும் கூடவே வரும். 2025 ஜூலையில் 421 பிழை உபுண்டுக்காரர்களுக்கும் வந்தது. அவர்களுடைய பதிப்பு எண்ணில் 64 என்பதே இல்லை. அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடவில்லை.

## அப்டேட் போடும் நாளில்

1. மாற்றப் பட்டியலில் "செக்யூரிட்டி" என்று தொடங்கும் வரிகளை முதலில் படியுங்கள். ஒவ்வொன்றிலும் மாட்யூலின் பெயர் இருக்கும். உங்கள் சர்வரில் எந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்பதை அப்பாச்சியின் "-எம்" கட்டளை காட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எட்டுக் குறைகளில் நமக்குரியவை இரண்டோ மூன்றோ என்று தெரிந்துவிடும்.

2. "கான்ஃபிக்டெஸ்ட்" ஓட்டிப் பார்த்து, சிண்டாக்ஸ் ஓ.கே. என்று வந்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். அது எழுத்துப் பிழையைத்தான் பார்க்கும். 421-ஐயும் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் "ஆம்" சொல்லும் ரீரைட்கண்டையும் பிடிக்காது. தடுக்கப்பட வேண்டிய ஒரு பக்கத்தை வெளி நெட்வொர்க்கிலிருந்து, கைபேசி டேட்டாவில் திறந்து பாருங்கள். திறக்க வேண்டியது திறக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வது. திறக்கக் கூடாதது திறக்காமல் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

3. நின்று ஓடும் அப்பாச்சி, டிஸ்க்கில் கோப்பு மாறியதாலேயே மாறிவிடாது. "கிரேஸ்ஃபுல்" என்று மெதுவாக மறுதொடக்கம் செய்தால் கட்டமைப்பும் மாட்யூல்களும் புதிதாக ஏறும். தாய்ப் புராசஸ் பழைய நிரலிலேயே தொடரும். பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு முழுமையாக நிறுத்தித் தொடங்குங்கள். டாக்கரில் ஓட்டுபவர்கள் புதிய இமேஜை இழுத்து, கன்டெய்னரை மறுபடி உருவாக்க வேண்டும்.

4. 2.4.64-ஐ நேரடியாக நிறுவி ஓட்டியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கலாம். கட்டமைப்புக் கோப்புகளிலும் ".எச்டிஅக்சஸ்" கோப்புகளிலும் ரீரைட்கண்டுக்கு அடுத்து எக்ஸ்பிரஸன் என்பதன் சுருக்கமான "எக்ஸ்பிஆர்" வருகிறதா என்று தேடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடலாம். இருந்தால், அந்த விதி எந்தப் பக்கத்தைக் காக்கிறது என்று பார்த்து, 2.4.64 ஏறிய நாள் முதல் 2.4.65 ஏறிய நாள் வரையிலான அக்சஸ் லாகில் (யார் எதைத் திறந்தார்கள் என்ற பதிவில்) அந்தப் பக்கத்தை 200 என்ற, அதாவது "சரி" என்ற, பதிலோடு திறந்தவர்களின் ஐ.பி.க்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். லாக் கோப்புகளைச் சில வாரங்களில் அழித்துவிடும் அமைப்பு என்றால் இதை இன்றே செய்யுங்கள்.